அந்தப் பத்து ஏக்கர் யாருடையது?

ஒரு வாசகர் கேட்டது: 2 பிப்ரவரி

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலை நேற்றுதான் முடித்தேன். பண்ணை பண்ணையாகக் கூலி வேலை தேடி அலையும் ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு பேரின் கதை. ஆளுக்கொரு கனவு, ஒருவருக்கும் பலிக்கவில்லை. என் கட்சி இதுதான்: லென்னி மட்டும் கூட ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஜார்ஜ் என்றைக்கோ நிலம் வாங்கி உட்கார்ந்திருப்பான். ஒருத்தன் புத்திக்குறைவால் எல்லார் பிழைப்பும் கெட்டது. இதில் போய் அமெரிக்கா, வர்க்கம், அந்தக் காலம் என்று பக்கம் பக்கமாகப் பேச என்ன இருக்கிறது?

2 பிப்ரவரி, இரவு 11 மணி

கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். தொகை எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

ஜார்ஜ் கண் வைத்திருக்கும் இடம் பத்து ஏக்கர். விலை 600 டாலர். அவ்வளவு மலிவாக வருவதற்குக் காரணம், அதை வைத்திருக்கும் கிழவனும் கிழவியும் நொடித்துப்போனவர்கள். கிழவிக்கு ஆபரேஷன் வேறு செய்தாக வேண்டும். பண்ணையில் கூலி மாதம் 50 டாலர். ஜார்ஜ், லென்னி இரண்டு பேர் கையிலும் சேர்த்து இருப்பது 10 டாலர்.

ஒருத்தன் தனியாக, சல்லிக்காசு செலவழிக்காமல், ஒரு வருடம் மூட்டை தூக்கினால் 600 சேர்ந்துவிடும். அப்படிப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி போலத்தான் தெரிகிறது. ஆனால் முதல் அத்தியாயத்தை மறுபடி புரட்டுங்கள். ஆற்றங்கரையில் லென்னி பீன்ஸுக்குக் கெச்சப் வேண்டும் என்று நச்சரிக்க, ஜார்ஜ் வெடிக்கிறானே, நீ இல்லாவிட்டால் நான் எப்படி வாழ்வேன் தெரியுமா என்று. என்ன செய்வானாம்? மாதக் கடைசியில் ஐம்பது டாலரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவான். ராத்திரி முழுக்க விலைமாதர் வீட்டில் கிடப்பான். பிடித்த ஓட்டலில் சாப்பிடுவான், ஒரு காலன் விஸ்கி வாங்குவான், சீட்டாடுவான். பட்டியல் முடிந்தது. நிலம் என்ற பேச்சே அதில் கிடையாது. லென்னி இல்லாத ஜார்ஜுக்குச் சம்பள நாளைத் தாண்டிக் கனவே இல்லை.

நிலம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது, கூலிகள் தங்கும் கொட்டகையைப் பெருக்கும் கிழவன் கேண்டியால்தான். கை போனதற்காக அவனுக்குக் கொடுத்த 300 டாலர். அதற்கு முன்னால் எல்லாம் தூங்கவைக்கச் சொல்லும் கதை.

3 பிப்ரவரி, காலை

திருத்தம். கைக்குக் கொடுத்தது 250. பாங்கில் 50 போட்டு வைத்திருக்கிறான். மாதக் கடைசியில் வரவேண்டிய கூலி 50. ஆக 350. ஜார்ஜும் லென்னியும் வாயைக் கட்டி ஒரு மாதம் உழைத்தால் 100. மொத்தம் 450. மீதியை ஜார்ஜ் வெளியே வேலை பார்த்து அடைப்பது, மற்ற இருவரும் போய் இடத்தைப் பார்த்துக்கொண்டு முட்டை விற்பது என்று ஏற்பாடு. இடம் கைநழுவாமல் இருக்கக் கேண்டி பணத்தில் 100 டாலரை முதலில் அனுப்பிவிடுவோம் என்கிறான் ஜார்ஜ். அட்வான்ஸ் போடும் அளவுக்கு வந்துவிட்ட கனவு!

இனிமேல் ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்கு எழுதுவதில்லை.

3 பிப்ரவரி, மாலை

முயல் வளர்ப்பில் நிஜமாகவே லாபம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால் பதில் சொல்லவும்.

அந்த இடத்தில் முயல் வளர்க்க ஆசைப்படும் லென்னிக்கு லாபம் தேவையில்லை, தடவிக்கொடுக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். எலி, நாய்க்குட்டி, வெல்வெட் துணி, பெண்ணின் கூந்தல். ஜார்ஜ் பத்து ஏக்கரைப் பற்றிப் பேசும்போது அவன் காதில் விழுவது முயல் மட்டும்தான்.

அப்புறம், பத்து ஏக்கர் என்றால் காணிக் கணக்கில் எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஏழரைக் காணி. பாரதி கேட்டது ஒரு காணி. அவர் விலை விசாரிக்கவில்லை, பராசக்தியிடம் கேட்டார். ஜார்ஜுக்கு அந்த வசதி இல்லை.

5 பிப்ரவரி

‘அந்தக் காலம்’ என்று என்ன இருக்கிறது என்ற கேள்விக்குக் கேண்டியை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவன் பணத்தை நீட்டிய ராத்திரியை நிதானமாகப் படியுங்கள். அன்றைக்குத்தான் அவனுடைய கிழட்டு நாயை, கூட வேலை பார்க்கும் கார்ல்சன் சுடுவதற்காக வெளியே கூட்டிப்போகிறான். நாறுகிறது, பல் இல்லை, நடக்க முடியவில்லை, வைத்திருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று. கேண்டி கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். கொட்டகையில் அத்தனை பேரும் சுடும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள், ஆனால் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. யாரோ சீட்டுக்கட்டை எடுக்கிறார்கள். தரைக்குக் கீழே எலி கறண்டுகிற சத்தம் கேட்கிறது. பேச ஏதோ கிடைத்ததே என்று ஜார்ஜ் அதைப் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் வெடி கேட்கிறது. எல்லாரும் கேண்டியைப் பார்க்கிறார்கள். அவன் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான்.

அதே ராத்திரி, கொஞ்ச நேரம் கழித்து, ஜார்ஜ் லென்னிக்குப் பத்து ஏக்கர் பாட்டைப் பாடுகிறான். காற்றாலை, கோழிக் கொட்டில், செர்ரி, ஆப்பிள், பீச் மரங்கள், ஆற்றில் சால்மன் ஏறிவந்தால் பிடித்துப் புகைபோட்டு வைக்கலாம். கேண்டி சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்புகிறான். அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். ஜார்ஜுக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

நாயைப் பார்த்துத் தன் முறையை எண்ணுகிற கிழவன் அவன். கொட்டகை கூட்டிப் பெருக்க முடியாத அன்றைக்குத் தன்னை வெளியே தள்ளிவிடுவார்கள், கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், போடுகிற பிச்சையில்தான் கிடக்க வேண்டும் என்று அவனே சொல்கிறான். நாவல் வந்தது 1937. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1935இல், அமெரிக்காவில் முதியோர் பென்ஷனுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் பண்ணைக் கூலிகளைச் சேர்க்கவில்லை. அதே வருடம் வந்த தொழிற்சங்கச் சட்டத்திலும் சேர்க்கவில்லை. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் அப்போது அவர்களுக்கு இடமில்லை. கேண்டிக்குப் பத்து ஏக்கர் என்பது பென்ஷன்.

இந்தக் கதையில் கனவே இல்லாத ஒரே ஆள், குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் குரூக்ஸ்தான் என்று நினைக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

7 பிப்ரவரி

குரூக்ஸ் பற்றி எழுத உட்கார்ந்து வேறு எங்கோ போய்விட்டேன்.

ஸ்டைன்பெக் பிறந்தது சலீனாஸில், 1902இல். கதை நடப்பதும் அந்தப் பள்ளத்தாக்கில்தான், சோலடாட் என்ற ஊருக்குத் தெற்கே சில மைல். இளவயதில் பண்ணைகளில் இந்தக் கூலிகளோடு தானே வேலை செய்தவர். இந்த நாவலின் கையெழுத்துப் பிரதியில் பாதியை அவர் வளர்த்த நாய்க்குட்டி குதறிவிட்டது, திரும்ப உட்கார்ந்து எழுதினார். நாயைச் சுடுகிற கதைக்கு நாய் செய்த பதில் மரியாதை.

சொல்ல வந்தது வேறு. அவர் இதை நாவலாகவும் நாடகமாகவும் ஒரே நேரத்தில் ஓடும்படி எழுதினார். 1937 நவம்பரிலேயே பிராட்வே மேடையில் ஏறிவிட்டது. அதனால்தான் ஆறு அத்தியாயமும் ஆறு காட்சி மாதிரி இருக்கின்றன: ஆற்றங்கரை, கொட்டகை, மறுபடி கொட்டகை, குரூக்ஸின் அறை, வைக்கோல் களஞ்சியம், மறுபடி அதே ஆற்றங்கரை. வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிகிறது. அந்தப் பத்து ஏக்கர் ஒரு காட்சியிலும் வருவதில்லை. ஜார்ஜ் வாயால் கேட்பதோடு சரி. நாமும் லென்னி உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்து கேட்கிறோம்.

9 பிப்ரவரி, விடியற்காலை

குரூக்ஸ் பற்றி 5ஆம் தேதி எழுதியது தப்பு. சுத்தமாகத் தப்பு.

கனவு இல்லாதவன் என்று ஏன் எழுதினேன் என்றால், எல்லாரையும் நக்கலடிப்பவன் அவன். குதிரை உதைத்து முதுகு வளைந்த கறுப்பர். கொட்டகைக்குள் அவனை விடமாட்டார்கள். குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் குதிரை மருந்துப் புட்டிகளோடு தனியாகக் கிடக்கிறான். சனிக்கிழமை ராத்திரி மற்றவர்கள் டவுனுக்குப் போன பிறகு லென்னி அங்கே வந்து நிற்கிறான். நூற்றுக்கணக்கான ஆட்களைப் பார்த்துவிட்டேன், தோளில் ஒரு மூட்டை, தலைக்குள் ஒரு துண்டு நிலம், ஒருத்தனுக்கும் கிடைத்ததில்லை, சொர்க்கம் மாதிரிதான் அதுவும் என்கிறான் குரூக்ஸ். விவரம் தெரிந்தவன் பேச்சு.

அப்புறம் கேண்டி வந்து பணம் இருக்கிறது, தொகை இவ்வளவு என்று சொன்னதும் அவன் குரல் மாறுகிறது. சம்பளம் வேண்டாம், சாப்பாடு மட்டும் போட்டால் போதும், உங்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அவ்வளவு சின்னக் கனவு. அது எத்தனை பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பண்ணை முதலாளி மகன் கர்லியின் மனைவி உள்ளே வருகிறாள். வெளியே போகச் சொல்கிறான். நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள் என்கிறாள். அது வெறும் மிரட்டல் இல்லை, அன்றைய அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த காரியம். அவன் அப்படியே சுருங்கிப்போகிறான். கேண்டி கிளம்பும்போது கூப்பிட்டு, நான் கேட்டதை மறந்துவிடு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறான்.

இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தூக்கம் வராமல் இந்த அத்தியாயத்தை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது, இத்தனை வருடம் எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. லென்னியிடம் குரூக்ஸ் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறான். கலிபோர்னியாவிலேயே பிறந்தவன். அவன் அப்பாவுக்குக் கோழிப் பண்ணை இருந்தது. எவ்வளவு? ஏறக்குறைய பத்து ஏக்கர். ஸ்ட்ராபெர்ரிப் பாத்தி இருந்தது. அல்ஃபால்ஃபா, நம் ஊர்க் குதிரைமசால், அதுவும் இருந்தது. வெயில் அடிக்கும் காலையில் வெள்ளைக் கோழிகளை அதில் மேயவிட்டு, அண்ணன் தம்பிகள் வேலிக்கட்டையில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

ஜார்ஜின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பத்து ஏக்கர், கோழி, குதிரைமசால். ஜார்ஜ் பட்டியலில் முயல் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். லென்னி வாயைப் பிளந்து கேட்கிற சொர்க்கத்தில் குரூக்ஸ் பிறந்து வளர்ந்திருக்கிறான். அது எப்படிக் கைவிட்டுப் போனது என்று கதையில் ஒரு வரி கிடையாது. அவனிடம் இப்போது இருப்பது கிழிந்த அகராதி ஒன்றும், 1905ஆம் வருடத்துக் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம் ஒன்றும். சட்டப் புத்தகத்தை எதற்கு வைத்திருக்கிறான் என்று இவ்வளவு நாள் யோசித்ததே இல்லை.

9 பிப்ரவரி, மதியம்

“கர்லியின் மனைவி, கர்லியின் மனைவி என்றே எழுதுகிறீர்களே, அவளுக்குப் பெயர் இல்லையா?” இல்லை. ஸ்டைன்பெக் வைக்கவில்லை. 1939இல் வந்த படத்தில் மே என்று வைத்தார்கள்.

12 பிப்ரவரி

அவளைத் திட்டி ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். குரூக்ஸை மிரட்டியதற்குத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அவளுடைய கனவு இவர்கள் கனவை விட எந்த விதத்தில் மட்டம்?

பதினைந்து வயதில் ஒரு நாடகக் கம்பெனிக்காரன் கூப்பிட்டான், அம்மா விடவில்லை. அப்புறம் சினிமாவில் இருப்பதாகச் சொன்ன ஒருத்தன் உனக்கு நடிப்பு இயல்பாக வருகிறது, ஹாலிவுட் போனதும் கடிதம் போடுகிறேன் என்றான். கடிதம் வரவில்லை. அம்மாதான் எடுத்து ஒளித்துவிட்டாள் என்று இன்னமும் நம்புகிறாள். அந்தக் கோபத்தில் கர்லியைக் கட்டிக்கொண்டாள். போடப்படாத ஒரு கடிதத்தை அம்மா திருடிவிட்டாள் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடிதம் இருந்தது என்று ஆகிவிடுகிறது அல்லவா? அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

களஞ்சியத்தில் அவளும் லென்னியும் பேசுவதைச் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். அவள் சினிமா, ஓட்டல், நல்ல துணிமணி என்று அடுக்குகிறாள். அவன் முயல் என்கிறான். ஒருவர் பேச்சு ஒருவர் காதில் ஏறவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஆறுதலாக இருக்கிறது. இன்னும் சில நிமிடத்தில் லென்னியின் கையில் அவள் கழுத்து முறியப்போகிறது.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. விட் என்று ஒரு சின்னப் பையன் கொட்டகையில் இருக்கிறானே, அவன் ஒரு பழைய பத்திரிகையைக் காட்டுவான். முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவன் எழுதிய வாசகர் கடிதம் அதில் வந்திருக்கும். ஜார்ஜ் கையை நீட்டியும் பத்திரிகையை விடமாட்டான், தன் பெட்டியில் பத்திரமாகத் திருப்பி வைப்பான். என் கடிதம் வார இதழ் ஒன்றில் நாலு வரி வந்தபோது, பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு, ஆறு பிரதி வாங்கினேன். ஐம்பது டாலர் கூலிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

14 பிப்ரவரி

கொஞ்சம் சொந்தக் கதை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா தவணையில் ஒரு மனை போட்டிருந்தார். மாதம் 250 ரூபாய், 60 மாதம். ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடம். ரசீதுப் புத்தகம் நீல அட்டை போட்டு, ஒவ்வொரு தாளிலும் ஊதா ரப்பர் ஸ்டாம்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்து ஆரம்பிப்பார். கிழக்குப் பார்த்த வாசல். பின்னால் கிணறு. கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வழியில் இரண்டு வாழை. மாடியில் உனக்கு ஒரு அறை. ஒவ்வொரு வாரமும் அதே வரிசை. வாழையைக் கிணற்றுக்கு முன்னால் சொல்லிவிட்டால் நான் திருத்துவேன்.

தவணை கட்டி முடிக்காமலே 1994இல் அப்பா போய்விட்டார். ஜார்ஜ் ‘நம்மைப் போல் ஆட்களுக்கு’ என்று ஆரம்பிக்கும் இடத்தில் லென்னி குறுக்கே விழுந்து அடுத்த வரியைத் தானே சொல்வான். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வெற்றிலை வாசம் வருகிறது.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார், என் கணக்கை எனக்கே திருப்பிப் போட்டுக் காட்டுகிறார். சரி, லென்னியால் நிலம் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கர்லியின் மனைவி செத்து, லென்னி ஓடிப்போன பிறகும் கேண்டியின் 350 அப்படியே இருக்கிறதே. ஜார்ஜ் ஒரு மாதம் வேலை செய்தால் இன்னொரு 50. கிழவிக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. அப்புறம் ஏன் ஜார்ஜ் வாங்கவில்லை என்கிறார்.

நல்ல கேள்வி. நான் போட்ட கூட்டல் கழித்தலில் இதற்குப் பதில் இல்லை.

கேண்டியும் அதையேதான் கேட்கிறான், களஞ்சியத்தில், அவள் உடல் வைக்கோலில் கிடக்கும்போதே. நீயும் நானும் அந்த இடத்தை வாங்கலாம் இல்லையா என்று. ஜார்ஜ் வாயைத் திறப்பதற்கு முன்பே கேண்டி தலையைக் குனிந்து வைக்கோலைப் பார்க்கிறான். ஜார்ஜ் சொல்வது: இது நடக்காது என்று முதலிலிருந்தே எனக்குத் தெரிந்திருந்தது போல, அவன் அதைக் கேட்க அவ்வளவு ஆசைப்பட்டான், கேட்கக் கேட்க ஒருவேளை நடக்குமோ என்று எனக்கும் தோன்றிவிட்டது. அப்புறம் பழைய பட்டியல் திரும்ப வருகிறது: மாதக் கடைசி, ஐம்பது டாலர், விலைமாதர் வீடு, சீட்டு.

பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, வாங்க ஒரு ஆளும் கூட நிற்கிறான். கேட்கிறவன் போய்விட்டான். என்னால் இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

23 பிப்ரவரி

14ஆம் தேதி எழுதியதை அக்கா படித்துவிட்டு ராத்திரி போன் செய்தாள். பாதி தப்பு என்கிறாள்.

அப்பா தானாக ஆரம்பிக்க மாட்டாராம். அம்மாதான் ஆரம்பித்து வைப்பாளாம். பாக்கை வெட்டிக்கொண்டே, “கிணறு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?” என்று கேட்பாளாம். ஒவ்வொரு வாரமும் தெரியாத மாதிரி. அப்புறம்தான் அப்பா.

இன்னொன்றும் சொன்னாள், இது எனக்குத் தெரியவே தெரியாது. தவணை ஆரம்பித்த முதல் வருடமே அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு, அப்பாவுக்குச் சொல்லாமல், பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய் இடத்தைப் பார்த்திருக்கிறாள். முழுக்க வேலிக்காத்தான் முள். ஒரு கல் நட்டிருந்தது, அதுவும் சாய்ந்து கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் என்று அங்கே ஆடு மேய்த்தவர் சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பி வந்து யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு பாக்கு வெட்டும்போது, “கிணறு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”

அம்மாவை லென்னியோடு சேர்த்துவிட்டேன் என்று அக்காவுக்குக் கோபம். நியாயம்தான், பொருந்தவில்லை. ஜார்ஜோடும் சேர்க்க முடியவில்லை.

ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவளிடம்தான். போனை வைக்காமல் அலமாரியைத் திறந்து எண்ணினாள். 53 ரசீது. ஏழு தவணைதான் பாக்கி. அப்பாவின் ஆபீஸ் பணம் வந்து பாங்கில் இருந்தது, அம்மா கட்டியிருக்கலாம். 54ஆவது தாளில் மாதத்தின் பெயர் மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறதாம், அம்மா கையெழுத்தில்.